தடவத் தடவ எரியும் இடம்

இரவு ஒன்பதரை மணி இருக்கும். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் உள்ளே வராமல் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார். காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கும் அம்மாவும் பெண்ணும் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் படி இறங்கியதும் வருவார். முதலில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கேட்பார். அதை எடுத்து வைத்த பிறகுதான் குரல் இறங்கும்.

"அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க."

"எந்த இடத்துலங்க?"

"கீழதான்ணே. போன தடவை குடுத்தீங்கல்ல, அதே. போட்டா உடனே கேக்குது, விட்டா திரும்ப வந்துடுது."

மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இந்தக் கடைசி வாக்கியம் மனப்பாடம். ஆணுறுப்பிலோ விதைப்பையிலோ தொடை இடுக்கிலோ மாதக்கணக்கில் அரிப்பு, எரிச்சல், சிவப்பு. காரணம் தெரியவில்லை. எல்லா ஆயின்மென்ட்டும் போட்டாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேள்வி கேட்காமல் டியூபை எடுத்துக் கொடுத்தவன்தான். அதன் பலனை அதே முகங்களில் வருடக்கணக்கில் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தத் தொல்லை எப்படித் தொடங்கி எப்படி வளர்கிறது என்பதைக் கவுன்டரின் இந்தப் பக்கத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த இடத்துத் தோலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1967-ல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை உடம்பின் பல இடங்களில் தடவிப் பார்த்தார்கள். எங்கே தடவினால் எவ்வளவு உடம்புக்குள் போகிறது என்பதைச் சிறுநீரை வைத்துக் கணக்கிட்டார்கள். முன்கையில் உள்ளே போகிற அளவை 1 என்று வைத்தால், உள்ளங்காலில் அது 0.14. நெற்றியில் 6. விதைப்பையில் 42.

கையில் தடவினால் ஒரு பங்கு உள்ளே போகிற மருந்து அங்கே நாற்பத்திரண்டு பங்கு போகிறது. விதைப்பையின் தோல் அவ்வளவு மெல்லியது, அடியில் கொழுப்புப் படலமும் கிடையாது. வியர்வையும் உரசலும் எப்போதும் இருக்கிற இடம் வேறு. மருந்து மட்டும்தான் இப்படி உள்ளே இறங்கும் என்றில்லை. சோப்பு, வாசனைத் திரவியம், துணியில் தங்கிய சலவைத்தூள் எல்லாமே மற்ற இடங்களைவிட இங்கே சீக்கிரம் வேலையைக் காட்டும். கையில் ஒன்றும் செய்யாத பொருள் அங்கே பட்டால் எரிவதற்கு இதுதான் காரணம்.

இப்போது அந்த "உடனே கேக்குது" டியூபுக்கு வருவோம். நம் ஊர் மருந்துக்கடைகளில் அரிப்புக்கு அதிகம் போகிற களிம்புகளில் பல, மூன்று நான்கு மருந்தைக் கலந்தவை. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று இரண்டு, கூடவே ஒரு ஸ்டீராய்டு. அந்த ஸ்டீராய்டு பெரும்பாலும் குளோபெட்டசோல் அல்லது பீட்டாமெத்தசோன். குளோபெட்டசோல் என்பது தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. 2018-ல் மத்திய அரசு இந்த மாதிரித் தடவும் ஸ்டீராய்டுகள் 14-ஐ ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். விற்கிறார்களா என்றால், என் தொழிலைப் பற்றி நானே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஸ்டீராய்டு, தோலின் வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும். அதனால் எந்தக் காரணத்தால் அரித்தாலும் இரண்டு நாளில் அரிப்பு நிற்கும். அடியில் இருப்பது பூஞ்சை என்றால், அதை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவலையும் ஸ்டீராய்டு சேர்த்தே அடக்கிவிடும். மேலே சாந்தமாகத் தெரியும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். வட்டமாக, ஓரம் தடித்து இருக்க வேண்டிய படர்தாமரை, ஓரம் கலைந்து உருவமே தெரியாமல் பரந்து கிடக்கும். அனுபவமுள்ள டாக்டரே ஒரு கணம் குழம்புவார்.

பூஞ்சையே இல்லாதவருக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. மாதக்கணக்கில் வீரியமான ஸ்டீராய்டு தடவிய விதைப்பைத் தோல், அது இல்லாமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட அதிகமாகச் சிவந்து எரியும். மிளகாய் அரைத்த கை பட்டமாதிரி என்றார் ஒருவர். ஜட்டித் துணி பட்டாலே தாங்காது. "பாத்தீங்களா, விட்டதும் நோய் திரும்பிடுச்சு" என்று மறுபடி தடவுவார்கள், மறுபடி அடங்கும். விதைப்பையின் முன்பக்கம் பளிச்சென்று சிவந்து, அரிப்பைவிட எரிச்சல் அதிகமாக, எந்தப் பூஞ்சை மருந்துக்கும் கேட்காமல் நிற்கிற இந்த நிலைக்கு ஆங்கில மருத்துவத்தில் 'ரெட் ஸ்க்ரோட்டம் சிண்ட்ரோம்' என்று பெயர். செவ்விதைப்பை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இது வந்தவர்களில் பலர் நீண்ட நாள் ஸ்டீராய்டு தடவியவர்கள். ஸ்டீராய்டை விட்டுவிட்டுப் பல வாரம் பொறுமையாக இருக்க வேண்டும். அந்த எரிச்சலைத் தாண்ட டாக்சிசைக்ளின், கபாபென்டின் போன்ற மாத்திரைகளை டாக்டர் கொடுப்பதுண்டு. பல மாதம் தடவியவர்கள் தனியாக இதில் இறங்காமல் டாக்டர் துணையோடு நிறுத்துவது நல்லது. நாலாம் நாள் எரிகிற எரிச்சலில் மனசு டியூபைத்தான் தேடும்.

ஸ்டீராய்டே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. முன்தோலில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை விழுந்து, தோல் இறுகி, பின்னுக்குத் தள்ள முடியாமல் போகிற லைக்கன் ஸ்க்லரோசஸ் என்ற நோய்க்கு இதே குளோபெட்டசோல்தான் சரியான மருந்து. எதற்கு, எத்தனை நாள், எவ்வளவு என்று பார்த்துக் கொடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஆரம்பத்தில் வந்த அரிப்பு எதனால்? டாக்டர்கள் முதலில் பார்ப்பது இடத்தை. படர்தாமரை வழக்கமாகத் தொடை இடுக்கில், தொடையின் உள்பக்கம் பரவும், விதைப்பையைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனால் தொடையில் ஒன்றுமில்லாமல் விதைப்பை மட்டும் சிவந்து எரிந்தால், பூஞ்சைக் களிம்பைக் கையில் எடுப்பதற்கு முன் வேறு காரணத்தை யோசிக்க வேண்டும். ஸ்டீராய்டு தடவியவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் தப்பும், பூஞ்சை அங்கேயும் ஏறிவிடும். பத்துப் பதினைந்து வருடங்களாக இந்தியாவில் படர்தாமரையே குணம் மாறிப்போயிருக்கிறது. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத ஒரு வகைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று நம் நாட்டின் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்துவிட்டார்கள். முன்பு இரண்டு வாரக் களிம்பில் போனது, இப்போது மாத்திரையோடு வாரக்கணக்கில் இழுக்கிறது. பார்க்க ஆறிய பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மருந்தை விடக் கூடாது.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று, அரைஞாண் கயிறு. வியர்வையில் ஊறி, எப்போதும் ஈரமாக, வருடக்கணக்கில் அவிழ்க்காமல் இடுப்பில் கிடக்கும். கயிற்றை ஒட்டியே ஒரு வளையம் போலப் படர்தாமரை ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். சிகிச்சை முடிகிற வரைக்கும் கழற்றி வைக்கச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "சாமி கயிறுங்க" என்பார்கள். வெள்ளி அரைஞாண் போட்டுக்கொள்ளுங்கள், தினமும் கழுவித் துடைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெரியவர் என் கடையிலேயே இன்னொருவருக்கு வழி சொன்னார்.

இரவில் படுத்தவுடன் அரிப்பு உச்சத்துக்குப் போகிறதா? விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் அரிக்கிறதா? வீட்டில் இன்னொருவரும் சொறிந்துகொண்டிருக்கிறாரா? ஆணுறுப்பிலோ விதைப்பையிலோ கடலைப்பருப்பு அளவில் சிவந்த முடிச்சுகளா? அப்படியென்றால் சிரங்குதான் முதல் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் குடைந்து வாழ்கிறது. இதற்கான 5% பெர்மெத்ரின் கிரீமை அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் பிரயோஜனம் இல்லை. கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை தடவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு தடவை. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நாலு வாரம் வரை அரிப்பு இருக்கும். இது தெரியாமல், "போகலையே" என்று தினமும் பெர்மெத்ரின் தடவித் தோலைப் பொசுக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

சர்க்கரை. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு ஆணுறுப்பின் மொட்டும் முன்தோலும் சிவந்து, வெள்ளையாகப் படிந்து, முன்தோல் நுனியில் வெடிப்பு விழுந்து, திரும்பத் திரும்ப வந்தால், டியூபுக்கு முன்னால் சர்க்கரைப் பரிசோதனை. தனக்குச் சர்க்கரை இருப்பதே இந்த அரிப்பால் தெரிந்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே மூன்று பேர். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால், அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுகிற மருந்து. நல்ல மருந்துதான். ஆனால் சிறுநீர் படுகிற இடத்தில் சர்க்கரையும் தங்குவதால் கேன்டிடா பூஞ்சைக்கு விருந்து. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவித் துடைப்பதே பலருக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

இன்னொன்று, மாத்திரைப் புண். வலி மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக் ஒத்துக்கொள்ளாமல் மொட்டில் சிவந்து, சில சமயம் கொப்புளம் வைத்து, ஆறியபின் கருத்த தழும்பு விழும். அதே மாத்திரையை அடுத்த தடவை விழுங்கினால் அதே இடத்தில் மறுபடி வரும். ஏதோ பால்வினை நோய் என்று மனசுக்குள் புழுங்குகிறவர்களுக்கு, "போன வாரம் ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" என்ற கேள்வியிலேயே விடை கிடைத்துவிடுவதுண்டு. மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துப்போல் இருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளும், தண்டிலும் விதைப்பையிலும் தெரியும் மஞ்சள் புள்ளிகளும் நோயே அல்ல. உடம்பின் இயல்பான அமைப்பு. அவற்றைப் போக்க எதையும் தடவ வேண்டாம். சொரியாசிஸும் அங்கே வரும், செதில் இல்லாமல் வழவழவென்று சிவந்திருக்கும். முழங்கை, தலை, நகத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு தடவை தவறிவிட்டதாக நினைக்கிற ஒருவர், அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு தடவை கழுவுவார். சோப்பு, கிருமிநாசினி, அதையும் தண்ணீர் கலக்காமல். நாலாம் நாள் தோல் உலர்ந்து சிவந்து எரியும். எரிந்ததும் பயம் உறுதியாகும். இன்னும் கழுவுவார். எச்.ஐ.வி. டெஸ்ட், சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். டெஸ்ட், எல்லாம் இல்லை என்று வரும். வந்தும் நம்ப மாட்டார், ஏனென்றால் எரிகிறதே! எரிவது கழுவியதால். பரிசோதனை எடுக்கத்தான் வேண்டும், சந்தேகத்தோடு வாழ்வது கொடுமை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து எடுத்ததிலும் இல்லை என்று வந்தால், அந்தச் சம்பவத்தால் எச்.ஐ.வி. இல்லை. அதற்கப்புறம் கவனிக்க வேண்டியது தோலை.

வீட்டு வைத்தியத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, உப்பு நீர், பூண்டு, மண்ணெண்ணெய் வரைக்கும் கேட்டாகிவிட்டது. "சுர்ருனு எரிஞ்சாத்தான்ணே கிருமி சாவும்" என்பார்கள். சாவது தோல். உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, தொடை இடுக்கில் எண்ணெயும் அரப்புத் தூளும் தங்காமல் கழுவிவிட்டால் சரி.

அப்படியானால் என்னதான் செய்வது? டாக்டரைப் பார்க்கப் போகும் வரைக்கும் நான் சொல்வது, சும்மா இருப்பது. கேட்க எளிதாக இருக்கிறது, செய்வதற்குக் கஷ்டம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து தவிர மற்றதெல்லாம் இரண்டு வாரம் நிறுத்தம் (பல மாதம் ஸ்டீராய்டு தடவியவர்கள் அதை மட்டும் முன்பே சொன்னபடி டாக்டர் துணையோடு). பவுடர், வாசனை டிஷ்யூ, முடி நீக்கும் கிரீம், ஷேவிங், எல்லாம். அந்த இடத்துக்குச் சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை. தேய்க்காமல் பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். இடுக்கில் ஈரம் போன பிறகுதான் உடுத்துவது. வறண்டு எரிந்தால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாக. இரவில் ஜட்டி வேண்டாம், லுங்கி போதும். பகலில் தளர்ந்த பருத்தி. இறுக்கமான ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் பைக்கில் சுற்றுகிற டெலிவரித் தம்பிகளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், குறைந்தது வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். உள்ளாடையைக் கடைசியாக ஒரு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள், கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் போடாதீர்கள், வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் காயப்போடுங்கள். துண்டு தனியாக இருக்கட்டும்.

சொறிவதுதான் பெரிய சவால். சொறியச் சொறியத் தோல் தடிக்கும், யானைத் தோல் மாதிரி வரி விழும், தடித்த தோல் இன்னும் அரிக்கும். முதல் காரணம் எப்போதோ போயிருக்கும், சொறியும் பழக்கம் மட்டும் நோயாக நிற்கும். தூக்கத்தில் சொறிகிறவர்கள் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். அரிப்பு எடுக்கும்போது நனைத்துப் பிழிந்த குளிர்ந்த துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். ஐஸ் நேரடியாக வேண்டாம். வெந்நீர் ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சொர்க்கமாக இருக்கும், அரை மணி நேரத்தில் இரட்டிப்பாக அரிக்கும்.

எல்லாம் பார்த்தும் தோலில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் எரிகிறது என்பவர்களும் உண்டு. "மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பிவிடுவது அநியாயம். அந்த இடத்துக்குப் போகிற நரம்புகள் இடுப்புத் தண்டுவடத்தின் அடியிலிருந்து கிளம்புகின்றன. முதுகெலும்புத் தட்டு விலகி அங்கே நரம்பு அழுந்தினால், தோல் நன்றாக இருக்கும்போதே அரிப்பும் எரிச்சலும் தெரியலாம். உட்கார்ந்தால் அதிகமா, முதுகு வலி உண்டா, கால் மரத்துப்போகிறதா என்று டாக்டர் கேட்டால் சம்பந்தமில்லாமல் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். நரம்புக்கான மாத்திரைகள் குறைந்த அளவில் இதற்குப் பலன் தருவதுண்டு. மனச்சோர்வுக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் மாத்திரையின் பெயரைச் சீட்டில் பார்த்துவிட்டு, "எனக்கு மனநோயாண்ணே?" என்று கேட்டவருக்கு நான் சொன்னது, "இல்லீங்க, நரம்புக்கு."

எந்த டாக்டர்? தோல் மருத்துவர். நம் நாட்டில் தோல், பால்வினை நோய் இரண்டும் ஒரே மேற்படிப்பு, அதனால் ஒருவரிடமே இரண்டையும் கேட்கலாம். சுவரொட்டியில் தேதி போட்டு, மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துப் பார்க்கிற வைத்தியர்களிடம் போகாதீர்கள். அரிப்பு என்று போனவரை "நரம்புத் தளர்ச்சி" என்று பயமுறுத்தி லேகியம் விற்று அனுப்புவார்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் வரிசை நீளம்தான், ஆனால் அங்கே சுரண்டிப் பார்க்கிற வசதி இருக்கும். தோலை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். வலிக்காது. ஒவ்வாமை சந்தேகம் என்றால் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகள் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். ஆறாத திட்டாக இருந்தால் சில மில்லிமீட்டர் தோல் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயாப்ஸி என்ற வார்த்தைக்கே பயந்து வீட்டுக்கு ஓடிவிட வேண்டாம்.

போகும்போது இதுவரை போட்ட டியூபுகளையெல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், காலியானதும் சேர்த்து. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும். "ஏதோ வெள்ளை கிரீம்" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. எப்போது தொடங்கியது, ராத்திரியா பகலா, அரிப்பா எரிச்சலா, வீட்டில் வேறு யாருக்கு என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவைத்துக்கொண்டால், வாய் வராத நேரத்தில் நீட்டிவிடலாம். மனைவியிடம் சொல்லியாக வேண்டும், சிரங்கு என்றால் இருவருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம், பூஞ்சை என்றால் அவருக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. வலியில்லாத புண், ஆறாத திட்டு, ரத்தக் கசிவு, கட்டி, வெளுத்து இறுகும் முன்தோல், இவற்றுக்கு அந்த வாரமே டாக்டர். பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் வீங்கிக்கொண்டால் அன்றைக்கே. ஏதோ மாத்திரை போட்ட பிறகு வாயிலும் கண்ணிலும்கூடப் புண் வந்தாலும் அன்றைக்கே. சர்க்கரைக்காரருக்குக் காய்ச்சலோடு விதைப்பை வேகமாக வீங்கி, தாங்க முடியாத வலியும் கருமையும் தெரிந்தால் ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. எங்கள் கடை வாசலில் நிற்காதீர்கள்.